கடலிலோ தொட்டியிலோ பார்த்த கல் பவளம் என்ன இனம்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பாலிக்புலாவ்காரன்:
மலேசியாவில் கெடா பக்கம் பாயார் தீவு, போன பள்ளி விடுமுறை. மிதவைக் கயிற்றை ஒட்டியே பூசணி அளவில் ஓர் உருண்டைப் பவளம். வழிகாட்டி "மூளைப் பவளம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். மூளைப் பவளம் என்றால் பள்ளம் வளைந்து வளைந்து ஓடணும் இல்லையா? இதில் எல்லாம் தனித்தனிக் குழி. வெயில் சாய்ந்து விழுந்தபோதுதான் தெரிந்தது: ஒவ்வொரு குழிக்கும் சொந்த விளிம்பு, இரண்டு விளிம்புக்கும் இடையே மெல்லிய பள்ளம். குழிக்குள் பச்சை, விளிம்பு பழுப்பு. அதற்குள் படகில் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

செந்தூல் அங்கிள்:
தம்பி, நிறத்தை நம்பாதீர்கள், ஒரே இனமே பல நிறத்தில் வரும். அந்த இடைப்பள்ளம்தான் விஷயம். பக்கத்துப் பக்கத்துக் குழிகள் ஒரே சுவரைப் பங்கு போட்டால் ஃபேவைட்டிஸ் என்ற பவள வகை. தனித்தனிச் சுவர் என்றால் பெரும்பாலும் டிப்சாஸ்ட்ரேயா. பழைய புத்தகங்களில் ஃபேவியா என்று இருக்கும். 2012-இல் நம் பக்கத்து இனங்களை அதிலிருந்து பிரித்துவிட்டார்கள். நான் தியோமானில் பார்த்தது ஃபேவைட்டிஸ், அவ்வளவுதான் என் கதை.
அடுத்த தடவை போனால் முழுப் பவளமும் தெரிய ஒரு படம், குழிகளுக்கு நேர் மேலிருந்து ஒன்று, ஓரத்தில் ஒன்று எடுங்கள். அளவு தெரிய ஸ்கேலைப் பக்கத்தில் பிடியுங்கள், பவளத்தின் மேல் வைக்காதீர்கள். துல்லியமாக இனம் சொல்ல எலும்புக்கூட்டைப் பார்க்கணும்தான், அதற்காக ஒரு துண்டு உடைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், அது கடல் பூங்கா. சன்ஸ்கிரீன் பூசுவதைவிட நீளக்கைச் சட்டை மேல். அப்புறம், நீச்சல் சுமார் என்றால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே வேண்டாம்.

கெப்போங் அக்கா:
அங்கிள், அவர் லைஃப் ஜாக்கெட் பற்றிக் கேட்கவே இல்லையே!
என்னுடையது கேஎல்லில் (கோலாலம்பூர்) ஒரு கடல்மீன் கடையில் நடந்தது. தொட்டியில் கோனியோபோரா என்று சீட்டு. பாலிப்பெல்லாம் (பவளத்தின் குட்டி உயிர்கள்) ஆடிக்கொண்டே இருந்ததால் அவற்றின் கைகளை எண்ண முடியவில்லை. தவுக்கேயிடம் (கடை முதலாளி) பம்பை நிறுத்தச் சொன்னேன். முறைத்தார், ஆனால் நிறுத்தினார். தண்ணீர் அடங்கியதும் ஒரு பாலிப் கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. வாயைச் சுற்றி 12 கைகள். கோனியோபோராவுக்கு 24 இருக்கணும். 12 என்றால் அல்வியோபோரா. சொன்னால் தவுக்கே "சாமா லா" (எல்லாம் ஒன்றுதான்) என்கிறார். எங்கே சாமா? இரண்டும் ஒரே குடும்பம்கூட இல்லை. அடுத்த வாரமும் அதே சீட்டுதான் தொங்குகிறது.

செந்தூல் அங்கிள்:
தொட்டியில் எண்ணலாம்மா. கடலில் பகல் நேரம் பாதிப் பவளம் பாலிப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும், எதை எண்ணுவது?

கெப்போங் அக்கா:
இந்த இரண்டும் பகலிலும் நீட்டிக்கொண்டுதான் இருக்கும், அங்கிள்.