மலேசியாவில் மொழியும் டிஜிட்டல் உள்ளடக்கமும் முதுகலையில் படிப்பவர்களே, மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

செந்தூல் பேத்தி

இரண்டாம் செமஸ்டர் ப்ராஜெக்ட். எல்லாருக்கும் தெரிந்த அதே மூன்று நிமிட வீடியோதான்: தமிழ்ப் பேச்சு, கீழே மலாயிலும் ஆங்கிலத்திலும் வசன வரி. நான் பாட்டியைப் பேச வைத்தேன். கோல சிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவர்.

பேச்சை எழுத்தாக்கி, மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, நேரம் பொருத்தி முடிக்கும்போது ராத்திரி இரண்டு மணி. மலாய் வரிகளை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை, சரி என்று அனுப்பிவிட்டேன்.

வகுப்பில் திரையில் ஓடுகிறது. பாட்டி சொல்கிறார்: "விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு நின்னு, அப்புறம் பால் வெட்டப் போவோம்." பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசை. கீழே மலாயில் "மெமோதொங் சூசூ". குடிக்கிற பாலைக் கத்தியால் நறுக்குவது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கிளந்தானிலிருந்து வந்த மலாய் நண்பன் சிரிக்கவில்லை. அவன் அப்பாவுக்குச் சொந்தமாக இரண்டு ஏக்கர் ரப்பர். "இது நோரே கெத்தாதானே?" என்று மெதுவாகக் கேட்டான். ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதற்கு மலாயில் அதுதான் சொல். அப்புறம் தன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தொட்டுக் காட்டி, "என் அப்பாவுக்கு இங்கே உளி பிடித்துக் காய்த்துப் போயிருக்கும். உன் பாட்டிக்கும் இருக்குமே?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் வலது கையைத் திருப்பிப் பார்த்தேன். இருந்தது. சின்ன வயதிலிருந்து அந்தக் கைதான் எனக்குச் சோறு ஊட்டியது. மதிப்பெண் எப்படியோ போகட்டும், இது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

ஆயர் ஈத்தாம்

எனக்குப் பினாங்கில் நடந்தது. பயிற்சிக் காலத்தில் ஒரு தொடுதிரைக்கு நான்கு மொழியில் விவரம் தயாரித்தோம், 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலைப் பற்றி. தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. நான் அனுப்பிய கோப்பு சரியாகத்தான் இருந்தது. வடிவமைப்பாளர் அதை எடுத்துத் தன் மென்பொருளில் ஒட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. என்னிடம் திருப்பிக் காட்டவும் இல்லை.

திறந்த அன்று ஒரு பெரியவர் திரைக்கு முன்னால் நின்று, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்க்கிறார். தலைப்பு "கொடிமலை", அந்த மலையின் தமிழ்ப் பெயர். கொ-வின் கொம்பும் காலும் க-வுக்குப் பின்னால் போய் நிற்கின்றன. லை-யின் கொம்பும் அப்படியே, ல-வைத் தாண்டிப் போய்விட்டது. அவர் என்னைப் பார்த்து, "தம்பி, நான் பொறந்ததே இந்த மலை அடிவாரத்துலதான். இங்க என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுப்பா, என் கண்ணுதான் சரியில்லை போல" என்றார்.

அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சமாதானமாகப் போனாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காரணம் எளிது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் முதலில் க, அடுத்து ஒகரக் குறி என்றுதான் பதிவாகும். கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. அவர் பயன்படுத்திய இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பத்தி அமைப்பை "வேர்ல்டு ரெடி" என்று மாற்றினால் போதும். ஒரு நிமிட வேலை.

கிள்ளான் சாலை

செந்தூல் தங்கச்சிக்கு: தப்பு மொழிபெயர்ப்புக் கருவியுடையது இல்லை. "பால் வெட்ட" என்று அப்படியே கொடுத்தால் அது வேறு என்ன செய்யும்? முதலில் தமிழ் எழுத்துப்படியைப் பொதுத் தமிழுக்கு மாற்றியிருக்க வேண்டும். "ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கப் போவோம்" என்று எழுதியிருந்தால் பாதிப் பிழை வந்திருக்காது. "பெரட்டு" என்ற சொல்லும் இன்றைக்கு யாருக்குப் புரியும்?

என் அனுபவம் சின்னதுதான். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் ஓர் அம்மாவின் பேட்டி எடுத்து, அவரையே அழைத்து வந்து போட்டுக் காட்டினேன். வசன வரி முழுக்கக் கேள்விக்குறியாக வந்தது. தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் கோப்பைச் சேமிக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், புதிதாகச் சேருகிறவர்கள் கவனியுங்கள். பதிவு செய்யும் முன்பே சொல் பட்டியல் ஒன்று தொடங்குங்கள்: தமிழ்ச் சொல், பேசியவர் தந்த விளக்கம், மலாய், ஆங்கிலம். பேசியவரிடமே அதைச் சரிபாருங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுங்கள், படிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்டிச் சம்மதத்தையும் பதிவு செய்யுங்கள். வசன மென்பொருள் "வரி நீளம்" என்று சிவப்புக் காட்டினால் உடனே சொற்களை வெட்டாதீர்கள். "அம்மா" நமக்கு மூன்று எழுத்து, கணினியின் யூனிகோடு குறியீட்டுக் கணக்கில் ஐந்து. "ஸ்ரீ" ஓரெழுத்து, கணக்கில் நான்கு. எந்தக் கணக்கில் மதிப்பிடுகிறார்கள் என்று விரிவுரையாளரிடம் முதல் வாரமே கேளுங்கள். ஆய்வு வழி முதுகலையா, பாட வழியா என்பதையும் யோசித்துச் சேருங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குப் பாட வழி தோது, ஆனால் இப்படிப்பட்ட பதிவுகளுக்கு அதில் நேரம் போதாது.

பிரிக்பீல்ட்ஸ்

கிள்ளான் சாலை அண்ணன், பட்டியல் யோசனை நல்லது. ஆனால் பாட்டி சொல்லாத சொல்லை எழுத்துப்படியில் போடச் சொல்வது சரியில்லை. அவர் "பெரட்டு" என்றால் எழுத்துப்படியிலும் "பெரட்டு"தான். புரியாதவர்களுக்கு விளக்கம் தரலாம். கருவிக்கு வசதியாக அவர் பேச்சைத் திருத்தினால் அப்புறம் எதற்குப் பதிவு?

என் கதை வேறு. வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில், நவீன மொழிகளோடு டிஜிட்டல் உள்ளடக்கம் சேர்ந்த முதுகலைக்கு இங்கிருந்தே விண்ணப்பித்தேன். "உங்கள் நவீன மொழி" என்ற இடத்தில் இருந்த பட்டியலில் தமிழ் இல்லை. "மற்றவை" என்று குறித்தேன். காணொளி நேர்காணலில் ஒருவர், மரியாதையாகத்தான், "தமிழ் செவ்வியல் மொழி அல்லவா?" என்று கேட்டார். அந்த நேரம் பக்கத்து அறையில் அம்மா போனில் மின்கட்டணம் பற்றித் தமிழில் வாதாடிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து அவர் குரலைக் கேட்க வைத்திருக்கலாம். "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. லத்தீன், கிரேக்கத்திலிருந்து பிரித்துக் காட்டத்தான் அவர்கள் "நவீன" என்ற சொல்லை வைத்தார்கள். தமிழ் இரண்டு பக்கமும் நிற்கிறது. இந்தியா 2004இல் செம்மொழி என்று அறிவித்தது. இங்கே 2016இல் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு கொண்டாடினோம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது 1956இல். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் நடந்ததும் இதே கோலாலம்பூரில்தான். முத்து நெடுமாறன் கணினியில் தமிழுக்கு முரசு என்ற மென்பொருளைச் செய்தது 1985இல். இதில் ஒன்றுகூட அன்றைக்கு வாயில் வரவில்லை. இடம் கிடைத்தது, நான் போகவில்லை. இங்கேயே சேர்ந்துவிட்டேன்.

செந்தூல் பேத்தி

எல்லாருக்கும் நன்றி. பிரிக்பீல்ட்ஸ் அக்கா சொன்னபடி "பெரட்டு" அப்படியே இருக்கிறது, "பால் வெட்ட"வும்தான். மலாய் வரியைப் பாட்டியும் அந்தக் கிளந்தான் நண்பனும் சேர்ந்து முடித்தார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். அவன் "நெனெக்", அதாவது பாட்டி, என்று கூப்பிட, பாட்டி மலாயிலேயே முக்கால் மணி நேரம் பேசினார். ஒட்டுப்பாலுக்கு, அதாவது உறைந்து ஒட்டிப்போன ரப்பர் பாலுக்கு, அவன் ஊரில் "செக்ராப்" என்பார்களாம், பாட்டிக்கு அதுவும் தெரிந்திருந்தது. மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைக்குக் கூலியும் இல்லை என்று பாட்டி சொன்னதும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றான்.

அதையும் சேர்த்ததில் வீடியோ நாலரை நிமிஷம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் மூன்றாகக் குறைக்க வேண்டும். மழையைப் பற்றிப் பேசும் இடத்தில் கைவைக்க எனக்கு மனசில்லை.