இரத்த மாதிரி எடுக்கும் பணிக்கு எந்தப் படிப்பு உகந்தது?

கேள்வி (தக்கலை)
வணக்கம். பிளஸ் டூ அறிவியல் பிரிவில் தேர்ச்சி பெற்ற என் தங்கை, இரத்த மாதிரி எடுக்கும் பணியைக் கற்க விரும்புகிறாள். அதற்கெனத் தனிப் பயிற்சியில் சேர்வதா, இரண்டாண்டு டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக நுட்பம்) பட்டயப் படிப்பில் சேர்வதா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் (நாகர்கோவில், ஆய்வக நுட்புநர்)
சிறிய ஆய்வகங்களில் இரத்தம் எடுப்பவரே பரிசோதனையும் செய்ய வேண்டியிருப்பதால், பட்டயப் படிப்பே நல்லது என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

ஊசி ஏற்றுவது பழகப் பழகக் கைவந்துவிடும். எந்தக் குழாயில் முதலில், எதில் அடுத்து இரத்தம் நிரப்புவது என்ற வரிசையை மனத்தில் பதிப்பதே முக்கியம். கிருமி உள்ளதா எனப் பார்க்கும் இரத்த வளர்ப்புக் குப்பிகள், வெளிர்நீல மூடியுள்ள சிட்ரேட் குழாய், சிவப்பு மூடிக் குழாய், பச்சை மூடியுள்ள ஹெப்பாரின், ஊதா மூடியுள்ள இ.டி.டி.ஏ., சாம்பல் மூடியுள்ள ஃபுளோரைடு என்பதே முறை. இரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருளான இ.டி.டி.ஏ. சிறிதளவு சிவப்புக் குழாயில் கலந்துவிட்டால்கூட, பொட்டாசியம் உண்மையைவிட அதிகமாகவும் கால்சியம் குறைவாகவும் காட்டும். அந்த அறிக்கையை நம்பி மருந்து கொடுத்தால் நோயாளியின் கதி என்ன?

பதில் (மார்த்தாண்டம், செவிலியர்)
அவர் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்கக் கூடாது. பெயரை நோயாளியின் வாயாலேயே சொல்லக் கேட்டு, அவரை விட்டு நகரும் முன்பே குழாயில் எழுத வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாமல், துளைபடாத வெள்ளைக் கொள்கலனில் இட வேண்டும். இரத்தம் வழியே பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசியின் மூன்று தவணைகள் முடிய ஆறு மாதம் ஆகும் என்பதால், சேர்க்கைக்குக் காத்திராமல் தங்கைக்கு இப்போதே முதல் தவணையைப் போட்டுவிடுங்கள்.