கேல்4 நிஜமாகவே இயக்கும் ஜீன்களை எப்படிப் பிரித்தெடுப்பது?

கேள்வி:
ஈஸ்டில் கேல்4 என்ற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர் (டிஎன்ஏவில் ஒட்டி ஜீன்களை இயக்கும் புரதம்) எந்தெந்த ஜீன்களைக் கட்டுப்படுத்துகிறது என்று ஜீனோம் முழுக்கத் தேடுகிறேன். அது உட்காரும் மோட்டிஃப் (டிஎன்ஏ எழுத்து வரிசை) தெரிந்ததுதான்: சிஜிஜி, நடுவில் ஏதாவது 11 எழுத்து, அப்புறம் சிசிஜி. இரண்டு இழைகளிலும் தேட ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினேன், நூற்றுக்கணக்கில் கொட்டுகிறது. இத்தனையுமா கேல்4-இன் ஜீன்கள்?

பதில் 1:
முதலில் இரண்டு இழைகளில் தேடுவதை நிறுத்துங்கள். இந்த மோட்டிஃபை எதிர் இழையில் படித்தாலும் அதேதான் வரும், ஒவ்வோர் இடத்தையும் இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்கள். அதைச் சரிசெய்தாலும் நிறைய மிஞ்சும். உறுதியான எழுத்துகள் ஆறுதானே. ஈஸ்ட் ஜீனோமில் ஜி, சி இரண்டும் சேர்ந்து சுமார் 38%, மொத்தம் ஏறக்குறைய 1.2 கோடி எழுத்து, கணக்குப் போட்டால் தற்செயலாகவே ஐந்நூறுக்கு மேல் வருகிறது. 2000-இல் ரென் குழுவினர் கேல்4 போய் ஒட்டும் இடங்களைச் சிப் (ஒரு புரதம் டிஎன்ஏவில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை) முறையில் ஜீனோம் முழுக்கப் பார்த்தபோது, அது ஒட்டி, கேலக்டோஸ் என்ற சர்க்கரையில் தூண்டப்படவும் செய்தவை என்று தேறியது 10 ஜீன்கள்தான். அதில் எம்டிஎச்1, பிசிஎல்10, ஃபர்4 மூன்றும் புதியவை.

பதில் 2:
ஒட்டியிருப்பதும் இயக்குவதும் ஒன்றல்ல, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ராஃபினோஸ் என்ற வேறொரு சர்க்கரையில் வளரும் செல்லில் கேல்4 ஏற்கெனவே கேல்1 ஜீனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும், ஆனால் கேல்80 என்ற தடுப்புப் புரதம் அதைப் பிடித்து வைத்திருப்பதால் ஒன்றும் நடக்காது. அதனால் சிப்-சீக் (சிப்பில் கிடைத்த டிஎன்ஏவை வரிசைப்படுத்திப் படிப்பது) மட்டும் போதாது, எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏ-சீக்கும் வேண்டும். கேல்4 நீக்கிய ஸ்டிரெயினை (ஈஸ்ட் ரகத்தை) கேலக்டோஸில் மட்டும் போட்டால் அது வளராமல் தவிக்கும், அந்தத் தவிப்பால் மாறும் ஜீன்களெல்லாம் பட்டியலுக்குள் நுழைந்துவிடும். அது, சாதாரணமானது என இரண்டு ஸ்டிரெயினையும் ராஃபினோஸில் வளர்த்து, அதிலேயே கேலக்டோஸைச் சேர்த்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மாதிரி எடுங்கள்.

பதில் 3:
சிப்பில் கேல்4-ஐப் பிடித்தெடுக்க அதில் ஒட்டும் அடையாளத் துண்டான டேக் போடாத ஸ்டிரெயின் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். மிக அதிகமாகப் படியெடுக்கப்படும் ஜீன்களின் மேல் சிப்பில் பொய்யான சிக்னல் வரும், கேலக்டோஸில் கேல்1 அப்படிப்பட்டதுதான். இன்னொன்று, கேல்1-ம் கேல்10-ம் ஒரே இடைவெளியிலிருந்து எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன. பக்கத்து ஜீன் ஒன்றை மட்டும் எடுக்கும் மென்பொருள் மற்றதைத் தவறவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இதுவரை குளுக்கோஸில் வளர்த்துவிட்டு நேராகக் கேலக்டோஸுக்குத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன், குளுக்கோஸ் கேல் ஜீன்களை அடக்கி வைத்திருந்ததால்தான் செல்கள் மணிக்கணக்கில் சும்மா கிடந்தன என்று இப்போது புரிகிறது. நாளைக்கே ராஃபினோஸில் ஆரம்பிக்கிறேன்.