கொரியப் போரில் கர்னல் ரங்கராஜ் உண்மையிலேயே பாராசூட்டில் குதித்தாரா?

வேலூர்வாசி:
கொரியப் போருக்கு இந்தியா சண்டையிடும் படையை அனுப்பவில்லை, மருத்துவப் பிரிவை மட்டுமே அனுப்பியது என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, அந்தப் பிரிவின் தலைவரான லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் அமெரிக்க வான்குடைப் படையினருடன் போர்முனையில் குதித்தார் என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் பேசினார். மேடைக்காகச் சேர்த்துச் சொன்னதா, நடந்ததா?

படைமருத்துவன்:
நடந்ததுதான். 1951 மார்ச் 23 அன்று, சியோலுக்கு வடமேற்கே முன்சானில் அமெரிக்காவின் 187ஆவது வான்குடைப் படையணி இறங்கியபோது, இந்தியாவின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவிலிருந்து ரங்கராஜ் உட்பட 12 பேர் அவர்களோடு குதித்தனர். எதிரியின் பின்புறத்தில் இறங்கும் படைக்கு, தரைவழியே துணைப்படை வந்து சேரும்வரை சாலைத் தொடர்பு கிடையாது. ஆகவே அடிபட்டவனை ஆம்புலன்சில் பின்னுக்கு அனுப்ப முடியாது, அறுவை மருத்துவர்தான் அவனிருக்கும் இடத்துக்கு வந்தாக வேண்டும். அந்தக் குழுவில் அறுவை சிகிச்சைக்கென்றே ஒரு பிரிவு இருந்தது இதனால்தான். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

ரயில்பிரியர்:
எனக்கு அந்தக் குதிப்பைவிட 1950 டிசம்பரில் நடந்ததே பெரிதாகப் படுகிறது. சீனப் படை நெருங்கியதால் பியோங்யாங்கைக் காலிசெய்யும்படி உத்தரவு வந்தபோது, மருத்துவச் சாமான்களை ஏற்றிச்செல்ல இந்தியர்களிடம் வண்டிகள் இல்லை. விட்டுவிட்டுப் போக மனமின்றித் தேடியவர்களுக்கு ஒரு பழைய நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும் அகப்பட்டன. வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி வாளிகளில் தண்ணீர் கொண்டுவந்து கொதிகலனை நிரப்பி, எஞ்சின் ஓட்டத் தெரிந்த தங்கள் ஆட்களைக் கொண்டே வண்டியைக் கிளப்பித் தெற்கே வந்து சேர்ந்தார்கள். அன்று அவற்றைக் கைவிட்டிருந்தால், முன்சானில் குதிக்க ஆள் இருந்திருக்கலாம், அறுவைக் கருவி இருந்திருக்காது.

வேலூர்வாசி:
மிக்க நன்றி. இந்தியாவிலேயே முதன்முதலில் பாராசூட்டில் குதித்தவரும் அவரே என்றும் அந்தப் பேச்சாளர் சொன்னார்.

படைமருத்துவன்:
அதைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். 50ஆவது இந்திய பாராசூட் பிரிகேட் அமைக்கப்பட்ட 1941 அக்டோபரில் முதலில் குதித்த மூவரும் பிரிட்டிஷ் அதிகாரிகள். அவர்களுக்குப் பின் குதித்த முதல் இந்தியர்கள் இருவர்: 152ஆவது பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாக இருந்த ரங்கராஜ் ஒருவர், ஹவில்தார் மேஜர் மதுரா சிங் மற்றவர். இந்த இரண்டாவது பெயரை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. உங்கள் பேச்சாளரிடம் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.