மிதிக்கும் விசையில் ஒலிக்கும் மேடை: எத்தனை சைக்கிள் வேண்டும்?

கேள்வி

வணக்கம். மாதம் ஒருமுறை மாலையில் ஒன்றுகூடி நகரத் தெருக்களில் சைக்கிள் ஓட்டும் குழு எங்களுடையது. பயணம் முடியும் பூங்காவில் இரண்டு பாடகர்கள், ஒரு கிட்டார், ஒரு கைம்முரசு என்று எளிய கச்சேரி ஒன்றை நடத்தி, அதற்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் அங்கேயே மிதித்து எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. கேட்பவர்கள் நூறு பேர் இருப்பார்கள்.

ஒருமுறை முயன்று தோற்றோம். காரிலிருந்து கழற்றிய மின்னாக்கியான ஆல்டர்னேட்டரைப் பின்சக்கரத்தோடு பெல்ட்டால் இணைத்து இருவர் மாறிமாறி மிதித்தும், பத்து நிமிடத்தில் இருவருமே களைத்துவிட்டார்கள். முரசு அதிரும்போதெல்லாம் ஒலி அறுந்து போனது. இன்னும் நான்கைந்து சைக்கிள்களைச் சேர்ப்பதுதான் வழியா? வீட்டிலேயே மின்னேற்றிய பேட்டரியைக் கொண்டுவந்தால் போதுமே, எதற்கு இந்தப் பாடு என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். அதற்கும் என்னிடம் சரியான பதில் இல்லை.

மறுமொழி 1

சைக்கிள்களைக் கூட்டுவதற்கு முன், மிதித்த ஆற்றல் எங்கே வீணாகிறது என்று பாருங்கள். பயிற்சி இல்லாத ஒருவர் ஒரு மணி நேரம் சிரமமின்றித் தரக்கூடியது 75 முதல் 100 வாட் வரைதான். அதில் மூன்றில் ஒரு பங்கு உருளை உராய்விலும் மின்னாக்கியிலும் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் ஆல்டர்னேட்டர் இதற்குப் பொருந்தாத கருவி. தன் காந்தப் புலத்தை உண்டாக்கிக்கொள்ளவே அது மின்சாரத்தைத் தின்கிறது, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழன்றால்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. நிலைக்காந்தம் கொண்ட டிசி மோட்டாரையோ, மின்சார சைக்கிளில் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டாரையோ மின்னாக்கியாகப் பயன்படுத்துங்கள். ஹப் மோட்டார் என்றால் உள்ளே பல்சக்கரம் இல்லாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். பல்சக்கரம் உள்ள வகைகளில் ஒருவழிச் சுழற்சி அமைப்பு இருப்பதால், சக்கரம் சுழன்றாலும் மோட்டார் சுழலாது.

இதைவிடப் பெரிய மிச்சம் ஸ்பீக்கரில் இருக்கிறது. பலரும் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 98 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 16 வாட் கொடுத்தால், திறந்த வெளியில் 16 மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் ஏறக்குறைய 86 டெசிபல் கேட்கும். நூறு பேருக்கு அது தாராளம். அதே ஒலியை 88 டெசிபல் தரும் ஸ்பீக்கரிலிருந்து பெற 160 வாட் வேண்டும். ஒரே கச்சேரிக்கு ஒரு ஸ்பீக்கர் கேட்பதைப்போல் பத்து மடங்கை இன்னொன்று கேட்கிறது. ஆம்ப்ளிஃபையரும் 12 வோல்ட்டில் நேரடியாக இயங்கும், மின்சாரத்தை அதிகம் வீணாக்காத டி வகுப்பைச் சேர்ந்ததாக இருக்கட்டும். இடையில் இன்வெர்ட்டர் வேண்டாம், அது சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும்.

முரசு அதிரும்போது ஒலி அறுந்ததற்குக் காரணம், இசையின் உச்சத் தேவை அதன் சராசரித் தேவையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதே. அந்த நொடியில் கால் இன்னும் வேகமாக மிதிக்க முடியாது. இடையில் ஒரு சிறு தேக்கம் வேண்டும். மின்சாரத்தைத் தேக்கிவைத்து வேண்டும்போது சட்டென்று தரும் 2.7 வோல்ட் சூப்பர் கெப்பாசிட்டர்கள் ஆறைத் தொடராக இணைத்த, 58 ஃபாரட் கொண்ட தொகுதி ஒன்று, 16 வோல்ட்டிலிருந்து 11 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் சுமார் 3,900 ஜூல் தரும். ஐம்பது வாட் செலவானால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் தாங்கும். ஆனால் யாராவது உற்சாகத்தில் வேகமாக மிதித்து மின்னழுத்தம் 16.2 வோல்ட்டைத் தாண்டினால் தொகுதி கெட்டுவிடும் என்பதால், எல்லை மீறியதும் மிகை மின்சாரத்தை ஒரு பல்புக்குத் திருப்பிவிடும் கட்டுப்பாட்டுச் சுற்று கட்டாயம். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் டயோடு ஒன்றை ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனியாக வையுங்கள். இல்லையென்றால் ஒருவர் மிதித்த மின்சாரம் மற்றவரின் மோட்டாரைச் சுழற்றப் போய்விடும்.

இப்படி அமைத்தால் இரண்டு சைக்கிள் போதும்.

மறுமொழி 2

பேட்டரி பற்றிய கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். பெரிய பேட்டரி இருந்தால் மிதிப்பவர் நிறுத்தினாலும் பாட்டு தொடரும். அவருடைய உழைப்புக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரியாது. 2022-இல் தொடங்கிய கோல்ட்பிளே என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் உலகக் கச்சேரிப் பயணத்தில் ரசிகர்கள் மிதிப்பதற்கென்று சைக்கிள்கள் வைத்திருந்தார்கள். விளையாட்டரங்க அளவுக் கச்சேரியில் அந்த மின்சாரம் பேட்டரிக்குத்தான் போக முடியும். உங்கள் அளவில் அந்தக் கட்டாயம் இல்லை. மறுமொழி 1 சொன்ன ஒரு நிமிடத் தேக்கமே கூட்டத்தைக் கச்சேரிக்குள் இழுத்துவிடும். மின்னழுத்தத்தைக் காட்டும் விளக்கு வரிசை ஒன்றை மேடையோரம் நிறுத்துங்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்போது, பாட்டு நின்றுவிடக் கூடாதே என்ற பதைப்பில் யாரோ ஒருவர் எழுந்து ஓடிவந்து மிதிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போது அவர் பார்வையாளர் மட்டும் அல்லர்.

1992-இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரிட்டிக்கல் மாஸ் என்ற மாதாந்திரக் கூட்டு சைக்கிள் பயணம் தொடங்கியது. அதே நகரில் 2007 முதல் நடந்த சைக்கிள் இசை விழாவில், மேடைக் கருவிகள் எல்லாவற்றையும் சைக்கிள்களிலேயே ஏற்றி ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியிலும் வாசித்துக்கொண்டே போனார்கள். உங்கள் குழுவுக்கு அந்தப் பாதை இயல்பாகவே பொருந்தும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆல்டர்னேட்டரை ஒதுக்கிவிட்டோம். வழியிலும் வாசிப்பது என்றால் ஓடும் சைக்கிளில் ஒலி அமைப்பை எப்படி ஏற்றுவது?

மறுமொழி 3

பின் கேரியரில் உயரமாகக் கட்டாதீர்கள், திருப்பத்தில் சாய்த்துவிடும். தாழ்வான இழுவண்டியில் வைத்து, அந்த சைக்கிளை ஊர்வலத்தின் நடுவில் ஓட்டுங்கள். முன்சக்கர ஹப் டைனமோ மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 3 வாட் தருகிறது. அற்பமாகத் தோன்றும், ஆனால் மேலே சொன்ன 98 டெசிபல் ஸ்பீக்கரில் அதுவே ஒரு மீட்டர் தொலைவில் நூறு டெசிபலைத் தாண்டிவிடும். சந்திப்புகளில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் சிறு தேக்கம் வைத்துக்கொள்ளலாம்.

பல சைக்கிள்களில் ஸ்பீக்கர் வைப்பதாக இருந்தால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் செல்கிறது. 34 மீட்டர் முன்னால் போகும் ஸ்பீக்கரின் தாளம் உங்கள் காதுக்குப் பத்தில் ஒரு நொடி பிந்தித்தான் வரும். ஆகவே ஸ்பீக்கர்கள் அருகருகே செல்லட்டும். பின்னால் வரும் வண்டியின் ஓசை ஓட்டுபவருக்குக் கேட்கும் அளவுக்கே ஒலியைக் கூட்டுங்கள். மருத்துவமனைகளைக் கடக்கும்போது அறவே நிறுத்திவிடுங்கள்.

மறுமொழி 4

சைக்கிளே ஓர் இசைக்கருவி என்பதை யாரும் சொல்லவில்லையே! 1963-இல், அப்போது புகழ் பெறாத இளைஞராக இருந்த ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பா, அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் சைக்கிளின் கம்பிகளை மீட்டியும் வில்லால் இழைத்தும் வாசித்துக் காட்டினார். இசையமைப்பாளர் மௌரிசியோ காகெல் 1996-இல் 111 சைக்கிளோட்டிகளுக்காக ஓர் இசையமைப்பே எழுதினார். அதிர்வை மின்சைகையாக மாற்றும் பீசோ தகடு ஒன்றை சைக்கிளின் சட்டத்தில் ஒட்டி ஆம்ப்ளிஃபையரோடு இணைத்துப் பாருங்கள். சங்கிலியின் சலசலப்பும் ஃபிரீவீலின் டிக்டிக் ஒலியும் தாளமாகவே கேட்கும்.

கேள்வி கேட்டவர்

பீசோ தகட்டை அடுத்த ஒத்திகையிலேயே முயன்று பார்க்கிறோம். கடைசியாக ஒன்று: பாட்டின் நடுவில் மிதிப்பவர் மாறும்போது ஒலி தடைப்படாதா?

மறுமொழி 1

தேக்கம் நிறைந்திருக்கும்போது மாறுங்கள், ஒரு நேரத்தில் ஒரு சைக்கிளில் மட்டும். இருக்கையின் உயரத்தைச் சாவி தேடாமல் கையாலேயே மாற்றும் பிடி இரண்டு சைக்கிள்களிலும் இருக்கட்டும். பத்து வயதுச் சிறுமி இறங்கி நெட்டையானவர் ஏறினாலும் அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.