பத்து மாத அட்வான்ஸ் கொடுக்கலாமா? சென்னையில் வீடு தேடுபவர்கள் பேச வேண்டிய விஷயம்

மடிப்பாக்கம் மகள்:
சென்னைக்குப் புதிதாக வீடு தேடி வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். போன மாதம் நாங்கள் வீடு காலி செய்தோம். வாடகை 18,000, அட்வான்ஸ் 1,80,000. சாவி கொடுக்கப் போன அன்று ஓனர் ஹாலில் நின்று, சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்பது. அதில் ஆறு நாங்கள் குடிவரும்போதே இருந்தவை. காட்டுவதற்கு எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை, ‘இதர ரிப்பேர்’ என்று 12,000, ஆக 30,000 போயிற்று. மீதியை ‘அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்’ என்கிறார். புது வீட்டு அட்வான்ஸுக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் வாங்குவதே சட்டவிரோதம்தானே? ஏன் யாரும் கேட்பதில்லை?

மாடிவீட்டு ஓனர்:
உங்களுக்கு நடந்தது தப்புதான் அம்மா. ஆனால் எல்லா ஓனரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நான் ரிட்டயர் ஆனவன். மாடி வாடகையில்தான் எங்கள் இருவரின் மருந்துச் செலவு நடக்கிறது. பாவம் என்று ஒரு தம்பிக்கு மூன்று மாத அட்வான்ஸுக்கே விட்டேன். ஏழாவது மாதத்தில் இருந்து வாடகை வரவில்லை. கேட்டால் ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்றார். அது தீர்ந்த பிறகும் நான்கு மாதம் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சாமானோடு போய்விட்டார். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே வரும்? அவர் போன பிறகு வந்த பில்லையும் நான்தான் கட்டினேன். மூன்று மாதம் என்பது எங்களுக்குப் பாதுகாப்பே இல்லை.

சட்டம் படித்தவன்:
இரண்டு பேரிடமும் கொஞ்சம் திருத்தம் தேவை. இப்போது நடப்பில் இருப்பது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். 1960-இன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 22.02.2019 முதல் அமலுக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது, உண்மை. ஆனால் அந்த வரியின் தொடக்கத்திலேயே ‘வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்று ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். பத்து மாதத்துக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கஷ்டம். அதனால் பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். டோக்கன் கொடுத்துவிட்டு அக்ரிமென்ட்டைப் படிப்பது பெரிய தவறு.

சார், வாடகை பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்லவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. உங்கள் அக்ரிமென்ட்டைப் பதிவு செய்தீர்களா?

மாடிவீட்டு ஓனர்:
11 மாத அக்ரிமென்ட்டுக்குப் பதிவு எதற்கு? புரோக்கரே வேண்டாம் என்றார்.

சட்டம் படித்தவன்:
அங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் போனால்தான் பதிவு என்பது 1908-ஆம் ஆண்டுப் பத்திரப்பதிவுச் சட்டத்தின் கணக்கு. 2017 சட்டப்படி, எத்தனை மாதமானாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இதற்கென்று அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அரசு இணையதளத்திலேயே செய்யலாம், பதிவு எண் ஒன்று கொடுப்பார்கள். தகராறு வந்தால் இரண்டு தரப்புக்கும் அதுதான் பிடிமானம்.

மகள் அவர்களுக்கு: காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். ‘அடுத்த ஆள் வந்ததும்’ என்பது சட்டத்தில் எங்கும் இல்லை. இன்னொன்று, அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், கீசர் ரிப்பேர் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. அக்ரிமென்ட்டில் மாற்றி எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு.

வேளச்சேரி அக்கா:
பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், தண்ணீரை யாரும் சொல்லவில்லையே! 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் இருந்தவள் நான். வீடு பார்க்கப் போனால் புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். மாடிப்படிக்குக் கீழே கரண்ட் மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய இடத்தில் ஸ்க்ரூ ஓட்டைகள் இருந்து, பெட்டி மட்டும் ஆளுயரத்துக்கு மேலே ஏறியிருந்தால், எந்த வருஷம் ஏற்றினார்கள் என்று கேளுங்கள். எதிர்வீட்டு அம்மாவிடமும் கேளுங்கள், அவர் மறைக்க மாட்டார்.

அப்புறம் கோடை. 2019-இல் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீர்ச் செலவு வாடகைக்கு மேல் தனியாக ஏறியது. போர்வெல் எத்தனை அடி, மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு உண்டா, லாரி வந்தால் காசு மெயிண்டனன்ஸில் அடங்குமா, எல்லாவற்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள். மின் இணைப்பு உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்கிறதா என்பதும் முக்கியம். ஓனர் இணைப்பில் இருந்து சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால், அரசு தரும் 100 யூனிட் இலவசம் உங்கள் கைக்கு வராது.

மாடிவீட்டு ஓனர்:
பதிவு விஷயத்தில் என் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேஸ் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வது சுலபம். அறுபத்தெட்டு வயதில் யார் அலைவது? ஆறு மாதத்துக்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

மடிப்பாக்கம் மகள்:
நாங்களும் அலைய முடியாதுதான் சார், எங்களுக்கு லீவு கிடைக்காது. ஆறு மாதம் என்றாலும் 1,08,000. முதல் வேலையில் சேர்ந்த பிள்ளைகள் அதற்கு எங்கே போவார்கள்? உங்கள் பயம் புரிகிறது. கரண்ட் பில்லுக்குக் காலி செய்யும் அன்று இரண்டு பேரும் சேர்ந்து ரீடிங் எடுத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாமே. அதற்காக ஒரு லட்சத்தை ஏன் முடக்க வேண்டும்?

மாடிவீட்டு ஓனர்:
ரீடிங் எடுக்கும் அன்று அவர் வீட்டில் இருந்தால் சரி. விடியற்காலையில் போனவரை எங்கே தேடுவது?

மடிப்பாக்கம் மகள்:
இன்று புது வீட்டு அக்ரிமென்ட் படித்தோம். வாடகை 17,000, நான்கு மாத அட்வான்ஸுக்கு இறங்கி வந்தார்கள். ‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குப் பிடிக்கப்படும்’ என்று ஒரு வரி இருந்தது. அட்டவணையைச் சொல்லிக் கேட்டேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தானே பேனாவால் அந்த வரியை அடித்தார். பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பிறகு அவர் கண் முன்னாலேயே அறை அறையாகப் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பினேன். ஹாலில் நான்கு ஓட்டைகள்.

பழைய ஓனருக்கு ஒரு மாதக் கெடு வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது. எழுத்தில் நோட்டீஸ் எழுதி வைத்திருக்கிறேன்.