தம்பிக்கு முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், எஸ்டேட் ஆட்கள் நிறைந்த சின்னப் பட்டணம். தம்பிக்கு 19 வயதில் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. செய்வினை என்று அம்மா முனீஸ்வரர் கோயிலுக்கும் பூசாரி கைகாட்டிய இடத்துக்கெல்லாமும் ஏழு மாதம் அலைந்தார். நானும் கூடத்தான் போனேன், அதனால் அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1911-இல் தஞ்சோங் ரம்புத்தானில் திறந்த மனநல மருத்துவமனை எங்கள் பள்ளிக்கூட நாளில் வெறும் கேலிச்சொல், அந்த வெட்கமும் சேர்ந்து இழுத்தது.

அப்புறம் ஒரு வழியாக ஒரு மனநலக் குழுவின் சிகிச்சை கிடைத்தது. தாதி வீட்டுக்கே வருவார். அப்பாவை உட்காரவைத்து, "இது சோம்பேறித்தனம் இல்லைங்க ஐயா" என்று பொறுமையாகச் சொல்வார். இரண்டு வருஷத்தில் தம்பி லாரி பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான், நாங்களும் குணமாகிவிட்டது என்று நிம்மதியானோம்.

குழு விலகி, மாதம் ஒருமுறை கிளினிக் என்று ஆனதும் மருந்தை அவனாகவே நிறுத்தினான். யாரும் தேடி வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அடுத்த தீபாவளிக்குள் மறுபடி வார்டு.

டென்மார்க்கில் 1998-இல் தொடங்கிய ஓபஸ் ஆய்வைப் பற்றி ஒரு டாக்டர் பிறகு சொன்னார். முதல்முறையாக இப்படி மனநோய் வந்த 547 பேர், அதில் ஒரு பாதிக்கு இரண்டு வருஷம் இப்படிக் குழுவாகக் கவனிப்பு. இரண்டாம் வருஷ முடிவில் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள், ஐந்தாம் வருஷத்தில் நோய்க்குறிகளில் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது, பராமரிப்பு விடுதியில் இருக்கவேண்டியவர்கள் குறைந்ததுதான் மிச்சம். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது, இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!

இப்போது மாத ஊசி. அரை நாள் லீவு போட்டு நானே கூட்டிப் போகிறேன், பட்டறைத் தவுக்கேயும் (முதலாளி) ஒன்றும் சொல்வதில்லை. போன மாதம் தேதியை நான் மறந்தேன், அவன்தான் ஃபோன் போட்டான்.

---

அக்கா, ஊசியோடு சர்க்கரை, கொழுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். என் மகனுக்கு மாத்திரையால் 16 கிலோ ஏறியது, கேட்கிற வரைக்கும் யாரும் எடை பார்க்கவில்லை. ரத்தம் எடுக்கிற நாள் பசியாறாமல் போகணும், எடுத்த பிறகு சாப்பிட டப்பாவில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கட்டிக்கொண்டு போங்கள், அங்கே நேரமாகும்.